மூலை வெட்டிய படம்

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் எழும்பிவிட முடியாது. அதற்குப் பிறகு தனியாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ இருக்கிறது. முதலாவது எங்கள் மகன் டிலுக்சனின் ஆத்துமத்துக்கு. இரண்டாவது ஊரில் அகப்பட்டுக் கிடக்கிற சனத்துக்கு. மூன்றாவது டென்மார்க் நாட்டின் முன்னாள் நீதி மந்திரிக்கு.

சிரிக்க வேண்டாம். என் மனைவி மேரிகிறேஸ் அந்த மனுசனை முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். மண் அள்ளித் தூற்றாத குறை. டென்மார்க்கின் புரொண்பியில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு மண்ணுக்கு எங்கே போவது? கோயில் சுவாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் சத்துருவுக்காக வேண்டிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். அவள் சொன்னதைச் செய்கிறவள். மூன்று வருடமாகப் பின்னேரம் ஏழு மணிக்கு “மந்திரிக்கு ஒண்டு” என்று சொல்லித் தொடங்குவாள். முன்பாதி அவளுடையது, பின்பாதி என்னுடையது. நானும் சொல்லி முடிப்பேன். ஜனவரிக் குளிரிலும் எனக்கு வேர்க்கும்.

மந்திரி செய்த வேலை ஊருக்கே தெரியும். எண்பத்தேழு செப்டம்பரில், தமிழ் அகதிகள் தங்கள் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டத்தில் இடமில்லாத வேலை. பதினாறு மாதம் எங்கள் கடதாசிகள் தூங்கின. எண்பத்தொன்பது ஜனவரியில், வேறொருவர் மந்திரியாக இருக்கும்போது, அவை திரும்ப அசையத் தொடங்கின. பிறகு விசாரணை வைத்தார்கள். தொண்ணூற்றுமூன்று ஜனவரியில் அறிக்கை வந்தது. பிரதமரே பதவியை விட்டுப் போனார். ஒரு சின்னச் சனக்கூட்டத்தின் கண்ணீருக்கு ஒரு அரசாங்கம் விழுந்தது என்று எங்கள் ஆட்கள் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

எங்கள் முன்னறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்குகிறது. ஒரு படகின் மேல்தட்டில் நான் நிற்கிறேன். பின்னால் கடல், அதில் பைன் மரம் முளைத்த சின்னச் சின்னத் தீவுகள். வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். வருகிறவர்கள் “இதெங்க அண்ணை, நோர்வேயோ?” என்று கேட்பார்கள். யப்பான் என்பேன். வேலை விசயமாக எண்பத்தெட்டில் போனது என்பேன். அதை மாட்டியது நான் இல்லை, மேரிகிறேஸ். வந்த புதிதில் மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது எடுத்தாளாம். நான் சிரித்தபடி இருக்கிற படம் இது ஒன்றுதானாம்.

படத்தின் வலப்பக்கக் கீழ்மூலை வெட்டியிருக்கும். “ஏன் வெட்டினனீங்கள்?” என்று கேட்டாள். படச் சட்டத்துக்குப் பெரிசாய்ப் போச்சு என்றேன். சட்டம் வாங்கினவள் அவள். மூலையை மட்டும் வெட்டினால் படம் எப்படிச் சிறிதாகும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நம்பினாள்.

அறிக்கை வந்த கிழமை இரத்தினசிங்கம் அண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் ஊரில் வாத்தியார், இங்கே மொழிபெயர்ப்பாளர், எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல மனுசன், ஆனால் பேசத் தொடங்கினால் கூட்டத்தில் பேசுகிற மாதிரித்தான் பேசுவார்.

“குருசு, சனிக்கிழமை ஒரு பேப்பர்க்காரி வாறா. டெனிஷ்காரி. உன்ர கேஸ்தான் சரியான கேஸ். விண்ணப்பம் இருக்கு, தேதியள் இருக்கு, பிள்ளையும்...”

“அண்ணை, வேற ஆரையும் கேளுங்கோவன்.”

“உனக்கென்ன விசரே? ஆற்ற பிழை எண்டு ஊர் அறிய வேணும். நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. மேரி கதைக்கட்டும், நான் மொழிபெயர்க்கிறன். நீ உன்ர கடிதக் கோப்பை மட்டும் எடுத்து வை.”

கோப்பு என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்தவனுக்கு முதலில் படிப்பிக்கிற பாடம், எந்தக் கடிதத்தையும் எறியாதே, துளை போட்டு வளையக் கோப்பில் வை என்பதுதான். என் கோப்பில் எண்பத்தாறு நவம்பரில் இருந்து எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒரே ஒரு தாள் இல்லை. அதை நான் தொழிற்சாலைக் குப்பைத் தொட்டியில் கிழித்துப் போட்டுவிட்டேன். கள்ளமனம் துள்ளும் என்பார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை முழுக்கத் துள்ளிக்கொண்டு இருந்தது.

இனி அந்தத் தாளின் கதையைச் சொல்கிறேன்.

எண்பத்தொன்பதில் நான் ஹ்விடோவ்ரேயில் பிஸ்கட் பெட்டி அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்று பெட்டி அடுக்கினேன். என் பெயரை ஒருவரும் முழுக்கச் சொன்னதில்லை. குருசுமுத்து அவர்களுக்கு ‘குஸ்’ ஆகிவிட்டது. அந்த வருடம் யப்பானில் இருந்து புது மெஷின் வாங்கினார்கள். அதை ஓட்டப் பழக இரண்டு பேரை அங்கே அனுப்ப வேண்டும். பென்ட் என்ற டெனிஷ்காரன் ஒருவன். மற்றவனாகப் போர்மன் என்னைக் காட்டினான். நான் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன், ஆங்கிலமும் வரும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி அடுக்கினவன் விமானத்தில் போகப் போகிறான். அகதிகளுக்குக் கொடுக்கிற நீலநிறப் பயணப் புத்தகத்தை விசாவுக்காக அடுத்த நாளே யப்பான் தூதரகத்தில் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்துக் குடிவரவு அலுவலகக் கடிதம் வந்தது. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுகிற விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, ஜூலை மூன்றாம் தேதி பயணப் புத்தகத்தோடு நேரே வந்து கையெழுத்து வைக்கவும் என்று எழுதியிருந்தது.

புத்தகத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். தூதரகம் ரயிலில் அரை மணித்தியாலம். வாங்கினால் விசா பிந்தும், விசா பிந்தினால் போர்மன் வேறு ஆளைப் பிடிப்பான். இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துத்தான் செய்தேன், அதுதான் கொடுமை. மூன்றாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை விசயமாக வெளிநாடு போகிறேன், தேதியை மாற்றலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். ஜூலையில் எல்லாரும் லீவு, ஓகஸ்ட் பதினாறு சரியா என்றாள். பதினாறு நான் அங்கே நிற்பேன் என்றேன். இருபத்திநாலு என்று எழுதினாள்.

“அவசரம் ஒன்றும் இல்லையே?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அந்தச் சொல்லைச் சொன்னது மந்திரி இல்லை. நான். ஜூலை மூன்றிலிருந்து ஓகஸ்ட் இருபத்திநாலு வரை ஐம்பத்திரண்டு நாள். இரண்டரை வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு ஐம்பத்திரண்டு நாள் என்ன பெரிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேதி மாறிய கடிதம் இரண்டு நாளில் வந்தது. ‘தங்கள் வேண்டுகோளின்படி’ என்று தொடங்கியது. அதுதான் நான் பிறகு கிழித்த தாள்.

யப்பானுக்குப் போனோம். முதல் கிழமை மெஷினோடு போயிற்று. இரண்டாம் கிழமை அவர்களுக்கு ஓகஸ்ட் நடுவில் வருகிற லீவு, தொழிற்சாலை பூட்டு. எங்களுக்குப் பழக்கின சட்டோ என்ற மனுசன், நாங்கள் அறையில் அடைந்து கிடக்கக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை ரயிலில் மட்சுஷிமா என்ற குடாக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவி சோற்றுப் பெட்டி கட்டித் தந்திருந்தா. சட்டோவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் நாற்பது ஐம்பது சொல் தெரியும்; அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சமாளித்தார்.

அந்த இடத்தை என்ன சொல்ல. கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. அதற்குள் எண்ண முடியாத அளவுக்குத் தீவுகள். சிலது வீடளவு, சிலது ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவு. ஒவ்வொன்றின் தலையிலும் வளைந்த பைன் மரம். சிவப்புப் பாலத்தால் நடந்து ஒரு தீவுக்குப் போனோம். கடைக்காரி குச்சியில் குத்தின மீன் கேக்கைத் தணலில் வாட்டித் தந்தாள். நான் மூன்று சாப்பிட்டேன். பிறகு படகு. படகில் இறால் பொரி விற்றார்கள், கடற்பறவைகளுக்குப் போட. கையை நீட்டினால் பறவை விரலில் படாமல் கொத்திக்கொண்டு போகும். பென்ட் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினான். நானும் கத்தினேன். அப்போதுதான் சட்டோ அந்தப் படத்தை எடுத்தார். அவருடைய கமெரா படத்தின் மூலையில் தேதியைச் செம்மஞ்சள் எழுத்தில் அடிக்கிற புது வகை.

ஒரு கடையில் தகரத்தில் செய்த சின்னப் படகு வாங்கினேன். சாவி கொடுத்தால் தண்ணீரில் ஓடும். டிலுக்சனுக்கு. அவனை ஒரு வயதில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவனுக்கு ஐந்து வயதாகியிருந்தது. கையில் அதை வைத்திருந்தபடியால் நான் அவனை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது பட்டதும் கரையெல்லாம் சனம். பருத்தி அங்கி கட்டின பெண்கள், விசிறியோடு கிழவர்கள், தோளில் பிள்ளைகள். ஒரு மேசையில் கடதாசி விளக்குகள் அடுக்கியிருந்தன. நாலு பக்கக் கூடு, நடுவில் மெழுகுதிரி. சட்டோ மூன்று வாங்கினார். தூரிகையால் தன்னுடையதில் ஏதோ எழுதினார். எங்களிடமும் தந்து, “நேம். ஃபமிலி நேம்,” என்றார்.

பென்ட் யோசிக்காமல் தன்னுடைய காற்பந்து அணியின் பெயரை எழுதினான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் மன்னார்க்காரன். மடு மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறபோது பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே கொளுத்துவோம். பெயர் எழுதி மாதாவின் காலடியில் வைப்போம், பிள்ளை சுகமாயிருக்க, விசா கிடைக்க, சோதனை பாஸாக. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். தமிழில், அழகாக, டிலுக்சன் என்று எழுதினேன். சட்டோ அந்த எழுத்தைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்து, நெடுநேரம் தலை குனிந்தார். யப்பான்காரரின் மரியாதை என்று நினைத்தேன். விளக்குகளைத் தண்ணீரில் விட்டோம். அவை மெதுவாகத் தீவுகளின் பக்கம் போயின.

அதன் பிறகு வாணவேடிக்கை. முதல் வெடி நெஞ்சில் இடித்தது. ஊரில் செல்லடி கேட்டவனுக்கு உடம்பு பதறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். பதறவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கநிறத்தில் ஒன்று விரிந்து, வில்லோ மரம் மாதிரித் தொங்கி, தண்ணீரைத் தொடும்வரை அணையாமல் வந்தது. சனம் முழுக்க ஒரே குரலில் ஆ என்றது, நானும் ஆ என்றேன். ஒரு மணித்தியாலம் எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, விண்ணப்பம் இல்லை. நான் சந்தோசமாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி இருந்ததில்லை.

திரும்பும் ரயிலில்தான் சட்டோ தன் நாற்பது சொல்லைக் கூட்டிச் சேர்த்து விளக்கினார். இது செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாட்களாம். விளக்கு அவர்கள் திரும்பிப் போக வழிகாட்டுவது. அவர் எழுதியது கடலில் போன தன் தகப்பன் பெயர். பிறகு என் கையைத் தொட்டு, “யுவர் பிரதர்? ஃபாதர்?” என்று கேட்டார்.

பென்ட் தன் அணியை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வருடம் அவர்கள் தோற்பது உறுதி என்றான். நான் தகரப் படகை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தேதி ஓகஸ்ட் பதினைந்து. மடுத் திருநாள். பிறந்ததில் இருந்து அந்த நாளை நான் மறந்ததில்லை.

நாடு திரும்பி, இருபத்திநாலாம் தேதி போய்க் கையெழுத்து வைத்தேன். பத்து நிமிட வேலை. அதற்கு ஐந்து நாள் கழித்துக் கொழும்பில் இருந்து மச்சான் பஸ்தியாம்பிள்ளை தொலைபேசி எடுத்தார். விசாவுக்கு நேர்த்திக்கடன் வைத்து மேரிகிறேஸ் பிள்ளையோடு மாதத் தொடக்கத்திலேயே மடுவுக்குப் போயிருக்கிறாள். காட்டுக் கோயில், நுளம்பு. பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் மலேரியா. பாதை பூட்டி, வாகனம் கிடைத்து, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு நாள். பதினேழாம் தேதி பிள்ளை போய்விட்டான்.

நான் விளக்கு விட்ட அந்த இரவே போயிருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இல்லை, இரண்டு நாள் பிந்தித்தான்.

அனுமதி செப்டம்பர் நடுவில் வந்தது. கையெழுத்து வைத்து மூன்றே கிழமை. ஜூலை மூன்றில் வைத்திருந்தால் ஜூலைக் கடைசியில் வந்திருக்கும், அவர்கள் கொழும்பில் விமானத்துக்கு நின்றிருப்பார்கள், மடுவுக்கு நேர்த்தியே தேவைப்பட்டிருக்காது. நவம்பரில் மேரிகிறேஸ் தனியாக வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் என் தோளில் சாய்ந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, “அந்த மந்திரி விளங்குவானோ?” நான் அவள் தலையைத் தடவினேன். விளங்கான் என்றேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான், பழியை ஏற்க மந்திரி ஒருவன் ஆயத்தமாக நின்றான். அன்றிரவே படத்தின் மூலையை வெட்டி லாச்சிக்குள் போட்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தேன். உயிரோடு இருந்த பிள்ளையின் பெயரைச் செத்தவர் விளக்கில் எழுதினேன் என்று சுவாமியாரிடம் அழுது சொன்னேன். அது அறியாமை, பாவமில்லை மகனே என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் அதைச் சொன்னேன். தொலைபேசி எடுத்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே. நான் ஒரு கடதாசி விளக்கின் பின்னால் ஐம்பத்திரண்டு நாளை மறைத்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கீர்ஸ்டன் என்று பெயர், முப்பது வயதுக்குள். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, தடித்த காலுறையோடு சோபாவில் இருந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள். இரத்தினசிங்கம் அண்ணை கழுத்துப் பட்டி கட்டி வந்திருந்தார். எங்களுடைய இரண்டு வயது மகள் கிளோறியா தகரப் படகைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேரிகிறேஸ் கூறைச்சேலை தவிர மற்றெல்லாம் உடுத்திப் பார்த்து, கடைசியில் வேலைக்குப் போகிற கறுப்புக் கால்சட்டையோடு வந்து இருந்தாள்.

கீர்ஸ்டன் கோப்பைப் புரட்டினாள். கெட்டிக்காரி. விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

“இவர்களுடைய விண்ணப்பங்கள் ஜனவரியில் திரும்பத் தொடங்கிவிட்டன. இதில் ஜூன் கடிதம் இருக்கிறது. அடுத்தது செப்டம்பர். இடையில் என்ன நடந்தது?”

அண்ணை எங்களிடம் கேட்கவே இல்லை. “இழுத்தடித்தார்கள்,” என்று டெனிஷில் தானே சொல்லிவிட்டார். நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு மேரிகிறேஸின் பக்கம் திரும்பி, மெதுவாக, விளங்கக்கூடிய விதமாகக் கேட்டாள். “உங்கள் மகன் இறந்தது யாருடைய பிழை என்று நினைக்கிறீர்கள்?”

மேரிகிறேஸ் மொழிப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடமாகப் போகிறாள். அண்ணை வாய் திறக்குமுன் அவளே டெனிஷில் பதில் சொன்னாள். அவள் மந்திரியின் பெயரைச் சொல்வாள் என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.

“மின் ஸ்க்யூல்,” என்றாள்.

என் பிழை என்று அர்த்தம்.

அண்ணை பதறிப்போனார். “மேரி, அவ கேட்டது உனக்கு விளங்கேல்லை...”

“விளங்கினது அண்ணை. நான்தானே மடுவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. மாமி சொன்னவ, காய்ச்சல் காலம், பிள்ளையை விட்டிட்டுப் போ எண்டு. நான்தான் கேக்கேல்லை. விசா வர வேணுமெண்டு பிள்ளையையும் கொண்டுபோய் மாதாவுக்குக் காட்டினன்.” அவள் அழவில்லை. “மந்திரி எண்டு நான் செபத்தில சொல்லுறது, அப்பிடிச் சொல்லாட்டி எனக்கு மூச்சு விடேலாது. அதுக்குத்தான்.”

மூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள். அவளுக்குள் இப்படியொன்று கிடக்கிறது என்று நான் அறியவில்லை. அறியவில்லை என்பதும் பொய். அவள் சில இரவுகளில் எழும்பி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் என் வாயில் இருந்து ஏதும் வந்துவிடும் என்று கேட்காமல் கிடந்தேன்.

“மேரி,” என்றேன். “உன்ர பிழை இல்லை. நான் யப்பானுக்குப் போனது எண்பத்தெட்டில இல்லை.”

சொல்லத் தொடங்கினேன். பயணப் புத்தகம், தொலைபேசி, லீவு, இருபத்திநாலாம் தேதி, கிழித்த தாள், எல்லாம். அவசரமில்லையே என்று அந்தப் பெண் கேட்டதையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். இரத்தினசிங்கம் அண்ணை ஒரு சொல் மொழிபெயர்க்கவில்லை.

“குருசு, இதை ஏன் இப்ப சொல்லுறாய்? மந்திரி செய்தது பிழை இல்லையெண்டு ஆகுமோ? எல்லாற்ற வழக்குக்கும் கேடு வரும்.”

“அவர் செய்தது பிழைதான் அண்ணை. பதினாறு மாதம் அவற்ற கணக்கு. இது என்ர.”

“என்ன சொல்கிறார்?” என்று கீர்ஸ்டன் கேட்டாள்.

“மனம் சரியில்லை அவருக்கு,” என்றார் அண்ணை.

மேரிகிறேஸ் என்னைப் பார்க்காமல் கீர்ஸ்டனைப் பார்த்தாள். மொழிப் பள்ளிக்கூடத்தில் பழக்கின மாதிரி, எழுவாய் பயனிலை பிசகாமல், ஒவ்வொரு சொல்லாக டெனிஷில் சொன்னாள். “என் கணவர் அப்போது யப்பானில் இருந்தார்.”

கீர்ஸ்டன் கருவியை நிறுத்தினாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த கிழமை பத்திரிகையில் கட்டுரை வந்தது. வேறு இரண்டு குடும்பங்களின் கதை, எங்களுடையது இல்லை. அண்ணை இப்போதும் என்னோடு பழகுகிறார், ஆனால் முதலில் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் மற்றக் கதைக்கு வருகிறார்.

அன்று பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அவள் சமைத்தாள், எனக்குச் சோறு போட்டாள், கறியில் உப்புக்கூடக் குறையவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வேலையால் வந்தபோது அவள் அந்தப் படத்தைச் சுவரில் இருந்து கழற்றி மடியில் வைத்திருந்தாள். வெட்டின மூலையைக் கண்ணாடிக்கு மேலாக விரலால் தடவினாள்.

“இதில என்ன இருந்தது?”

“தேதி. ஓகஸ்ட் பதினைஞ்சு.”

“மடுத் திருநாள்.”

“ஓம்.”

“அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள். பூசைக்கு வெடி கொளுத்தேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவன், அப்பாவின்ர இடத்தில வெடி இருக்கோ எண்டு. இல்லை எண்டன்.”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கள் யப்பானுக்குப் போனதைப் பெரிசாய்ச் சொல்லேல்லை நான்,” என்றாள். “மனுசருக்கு ஆசை வரும். பிள்ளையை நான்தான் சாகக் குடுத்தன் எண்டு மூண்டு வருசம் நினைச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் பக்கத்தில படுத்திருந்து பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

படத்தை உடைப்பாள், அல்லது லாச்சிக்குள் போடுவாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டி, சரிந்திருந்ததை நேராக்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மெழுகுதிரி கொளுத்தும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய், கொஞ்சம் தள்ளி முழந்தாளில் இருந்தேன். கிளோறியா எங்கள் இருவருக்கும் நடுவில் படகோடு இருந்தாள். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தது. டிலுக்சனுக்கு ஒன்று சொன்னாள். ஊர்ச் சனத்துக்கு ஒன்று. பிறகு வழக்கம்போல, “மந்திரிக்கு ஒண்டு.” அதையும் சொல்லி முடித்தோம். நான் எழும்பக் கையை ஊன்றினேன்.

அவள் எழும்பவில்லை. மாதா படத்தைப் பார்த்தபடி, மந்திரியைச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

“இவருக்கு ஒண்டு.”

தன் பாதியைத் தொடங்கினாள். வேகமும் இல்லை, இழுப்பும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு நிறுத்தினாள். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று வருகிற மறுபாதி என்னுடையது. ஆயிரம் தரம் சொன்னதுதான். நாக்கு எழும்பவில்லை. மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

அப்பாவின் குரல் வரவேண்டிய இடம் அது என்று கிளோறியாவுக்கும் தெரியும். படகால் என் முழந்தாளில் தட்டினாள்.

“டூ, ஃபார்,” என்றாள். நீதான், அப்பா.

நான் சொன்னேன்.